காலை ஐந்தரைக்கு மழை ஏன் பூச்சியமாகிறது? வீட்டு வானிலை நிலையக் கேள்வி-பதில்

மாரி நெருங்க நெருங்க, வளவில் மழை, காற்று, வெப்பம் அளந்து இணையத்தளத்தில் காட்டும் வீட்டு வானிலை நிலையம் பற்றிய கேள்விகளும் கூடிக்கொண்டே வருகின்றன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாக்கி, ஊர்ப் பெயரை மட்டும் போட்டிருக்கிறேன். "எந்த மொடல் வாங்கலாம்?" என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும், கையில் உள்ள காசும் வீட்டுக் கூரையும் ஆளுக்காள் வேறு, அதற்குப் பொதுவாகப் பதில் சொல்ல முடியாது.

கேள்வி (சுன்னாகம்): இரவு முழுக்க மழை கொட்டுகிறது, எங்கள் இணையத்தளத்தில் 48 மிமீ என்று காட்டுகிறது, விடிய ஐந்தரைக்குப் பார்த்தால் "இன்றைய மழை 0.0". மழைமானி பழுதாகிவிட்டதா?

மழைமானி சுகமாக இருக்கிறது, மணிக்கூடுதான் வேறு ஊரில் நிற்கிறது. உங்கள் தளம் இருக்கும் சேர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அங்கே நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது நமக்குக் காலை 5.30, அந்த நிமிடத்தில் அது புது நாளைத் தொடங்கி மழையைப் பூச்சியமாக்கிவிடுகிறது. வீட்டில் உள்ள ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியிலும் சேர்வரிலும் நேர வலயத்தை ஆசியா/கொழும்பு என்று மாற்றுங்கள். மலிவான ஹோஸ்டிங்கில் சேர்வர் நேரத்தில் கைவைக்க விடமாட்டார்கள், அப்படியானால் நாள் கூட்டலை வீட்டிலேயே முடித்துவிட்டு, முடிந்த எண்ணை மட்டும் அனுப்புங்கள்.

இதைச் சரிசெய்ததும் அடுத்த வழக்கு வரும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை நாள் நள்ளிரவில் முடிவதில்லை, காலை 8.30க்குத்தான் முடிகிறது. இரவு பத்துக்குத் தொடங்கி விடிய ஆறுக்கு விட்ட மழையை நீங்கள் இரண்டு நாளாகப் பிரித்துவிடுவீர்கள், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் உள்ள திணைக்கள நிலையத்தில் அது ஒரே நாளின் கணக்கு. பிறகு "அவர்கள் நூற்றுச்சொச்சம் என்கிறார்கள், நீங்கள் அறுபது என்கிறீர்கள், யார் சொல்வது பொய்?" என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். ஒருவரும் பொய் சொல்லவில்லை. "நள்ளிரவு முதல்" என்று ஒரு பெட்டி, "காலை 8.30 வரையான 24 மணி நேரம்" என்று இன்னொரு பெட்டி, இரண்டையும் போடுங்கள், வெறுமனே "இன்றைய மழை" என்று எழுதுவதை விட்டுவிடுங்கள். எந்த நேரத்துக்கு உரியது என்று தெரியாத எண்ணால் ஒருவருக்கும் பயனில்லை. கீழே உள்ள பல பதில்களிலும் நான் இதையேதான் வேறு வேறு விதமாகச் சொல்லப் போகிறேன்.

அப்பா, தாத்தா எழுதிவைத்த பழைய மழைக் கொப்பிகளைத் தரவுத்தளத்தில் ஏற்றுகிறவர்களுக்கு ஒரு சொல்: இலங்கையின் மணிக்கூடு 1996இல் முதலில் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு, அதே வருடம் அரை மணி குறைக்கப்பட்டு, 2006 ஏப்ரலில்தான் பழைய இடத்துக்கு வந்தது. ஆசியா/கொழும்பு வலயத்துக்கு இது தெரியும், ஆனால் கொப்பி எழுதியவர் எந்த நேரத்தைப் பார்த்து எழுதினார் என்பது அதற்குத் தெரியாது. அந்தப் பத்து வருடத் தாள்களை ஒருக்கால் நின்று பார்த்து ஏற்றுங்கள்.

கேள்வி (ரொறன்ரோ, சொந்த ஊர் மானிப்பாய்): அண்ணாவின் தளத்தில் "கடைசியாகப் புதுப்பித்தது இரவு 9.35" என்று காட்டுகிறது, படத்தில் வெயில் எரிக்கிறது!

அது உங்கள் உலாவியின் வேலை. சேர்வரில் இருந்து வரும் நேரத்தை அது கனடா நேரமாக மாற்றிக் காட்டுகிறது. நேரத்தை எப்போதும் யாழ்ப்பாண நேரமாகவே காட்டும்படி நிரலில் வலயத்தைக் குறிப்பிட்டு, பக்கத்தில் "இலங்கை நேரம்" என்றும் எழுதச் சொல்லுங்கள். இப்படியான தளங்களைத் திறந்து பார்ப்பவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டில் இருந்து ஊர் மழையைப் பார்க்கிறவர்கள்தானே.

கேள்வி (பருத்தித்துறை): தினமும் பின்னேரம் வளியமுக்கம் இறங்குகிறது, கொன்சோலில் (நிலையத்தின் திரைப் பெட்டியில்) மழை முகில் படம் வருகிறது, ஒரு துளியும் விழுவதில்லை. சென்சரை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம், மிக வடிவாக வேலை செய்யும் சென்சர் அது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட உள்ள ஊர்களில் வளியமுக்கம் கடல் பெருக்கு வற்றைப் போல நாளுக்கு இரண்டு தரம் ஏறி இறங்கும். காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சம், பின்னேரம் நாலுக்கும் விடியப்புறம் நாலுக்கும் தாழ்வு. வெயில் வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் வருகிற அலை இது, ஏற்ற இறக்கம் மூன்று ஹெக்டோபாஸ்கலைத் தொடும். உங்கள் வரைபடத்தை ஒரு கிழமைக்கு விரித்துப் பாருங்கள், ஒழுங்கான இரட்டைத் திமில் தெரியும்.

முகில் படம் போடுகிற சூத்திரம்தான் நமக்குப் பொருந்தாதது. பல கொன்சோல்களும் மென்பொருள்களும் அமுக்கம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் எதிர்வு சொல்கின்றன. இப்படியான சூத்திரங்களில் பேர்போனது சாம்பிரெட்டி, 1915இல் இலண்டனில் கருவி செய்த நெக்ரெட்டி அண்ட் சாம்ப்ரா கம்பனியார் இங்கிலாந்து வானத்துக்காகச் செய்தது. அங்கே மூன்று ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் மழை வரலாம். இங்கே மூன்று இறங்கினால் தேத்தண்ணி நேரம், அவ்வளவுதான். தளத்தில் அந்தப் படத்தைத் தூக்கிவிட்டு, "நேற்று இதே நேரத்தை விட" எவ்வளவு கூடியது குறைந்தது என்று ஒரு எண்ணைப் போடுங்கள். நாளாந்த அலை அதில் கழிந்துவிடும். தாழமுக்கம் ஒன்று கிட்ட வந்தால் அந்த எண் பின்னேரத்தோடு நிற்காமல் இறங்கிக்கொண்டே போகும்.

கேள்வி (கோப்பாய்): சித்திரையில் எங்கள் நிலையம் 41 பாகை காட்டியது. முகநூலில் போட்டதும் "பொய்" என்கிறார்கள்.

எங்கே பூட்டியிருக்கிறீர்கள்? படம் அனுப்பியிருந்தீர்கள், தகரக் கூரைக்கு மேலே ஒரு முழம் உயரத்தில் நிற்கிறது. நீங்கள் அளந்தது தகரத்தின் சூடு. வெப்பநிலை சென்சர் நிலத்தில் இருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீற்றர் உயரத்தில், புல்லோ வெறும் மண்ணோ உள்ள திறந்த முற்றத்தில், காற்று ஊடே போகிற வெள்ளைக் கூட்டுக்குள் இருக்க வேண்டும். மதிலும் சீமெந்துத் தரையும் கிட்ட இருக்கக்கூடாது.

சந்தேகம் இருந்தால் இரவு எண்ணைப் பாருங்கள். இரவில் திருநெல்வேலியோடு ஒத்துப்போய், நண்பகலில் மட்டும் எகிறினால் வெயில்தான் குற்றவாளி. இன்னொரு சோதனையும் உண்டு: சோளகம் பலமாக வீசுகிற நாட்களில் அந்த வித்தியாசம் குறைந்து, காற்றே இல்லாத சித்திரை மத்தியானத்தில் கூடினால், கூட்டுக்குள் காற்று போதவில்லை என்று அர்த்தம். சின்ன மின்விசிறி வைத்த கூடுகள் கிடைக்கின்றன, காசு இருந்தால் அதுதான் நல்லது. முகநூல் பதிவை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சாவகச்சேரி): ஆடி மாதம் மழையே இல்லை, மானி ஒவ்வொரு நாளும் 0.2, 0.4 என்று காட்டுகிறது. கார்த்திகையில் அடைமழைக்குக் குறைத்துக் காட்டுகிறது. இது என்ன நியாயம்?

இரண்டும் வெவ்வேறு நோய். நம்மில் பெரும்பாலானோரிடம் இருப்பது உள்ளே சிறு தராசு போல ஒரு வாளி கவிழ்ந்து எண்ணுகிற மானி, ஒரு கவிழ்ப்புக்கு 0.2 மிமீ அளவு. சோளகக் காற்றில் கம்பம் ஆடினால் வாளியும் ஆடிக் கவிழும், மழை எழுதப்படும். காற்றுமானியையும் மழைமானியையும் ஒரே கம்பத்தில் பூட்டுவதால் வருகிற வினை இது. மழைமானியைத் தனியே இறக்கி, கனமான அடித்தளத்தில் நிலத்துக்குக் கிட்ட வையுங்கள், பக்கத்து மரமோ சுவரோ மானியின் வாயை விட எவ்வளவு உயரமோ அதன் இரண்டு மடங்கு தூரமாவது தள்ளி. தை, மாசியில் விடிய ஒரு 0.2 வந்தால் அது பனியாகவும் இருக்கலாம், அதற்காகக் கம்பத்தோடு சண்டை வேண்டாம்.

குறைத்துக் காட்டுவதற்குக் காரணங்கள் பல. கடும் மழையில் வாளி கவிழ எடுக்கும் அந்தக் கணத்தில் விழும் நீர் கணக்கில் வராது, காற்றோடு வரும் மழையில் கொஞ்சம் வாய்க்கு மேலாலேயே பறந்துவிடும். ஆனால் அதற்கு முன் புனலைத் திறந்து பாருங்கள்: வேப்பிலை, காக்கை எச்சம், எறும்பு, குளவிக் கூடு. பாதி அடைத்த புனலை வரைபடத்திலேயே கண்டுபிடிக்கலாம். மழை விட்ட பிறகும் ஒரே இடைவெளியில் 0.2, 0.2 என்று நெடுநேரம் சொட்டிக்கொண்டிருக்கும், உண்மையான மழை அப்படி ஒழுங்காகப் பெய்யாது.

அளவு சரியா என்று பார்க்க, புனலின் விட்டத்தை அளவுங்கள். விட்டம் 20 செமீ என்றால் பரப்பு ஏறத்தாழ 314 சதுர செமீ, ஆகவே 314 மில்லிலீற்றர் நீர் ஊற்றினால் 10 மிமீ காட்ட வேண்டும். மடமடவென்று ஊற்றாதீர்கள், அடியில் ஊசித்துளை போட்ட போத்தலில் இருந்து அரை மணி, ஒரு மணி நேரமாகச் சொட்ட விடுங்கள். அதற்கு முன் தளத்துக்கு அனுப்புவதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வெயிலில் சாவகச்சேரியில் மட்டும் 10 மிமீ மழை என்று ஊர் சிரிக்கும்.

கேள்வி (காரைநகர்): 4ஜி ரவுட்டர்தான் இருக்கிறது. வீட்டு ராஸ்பெரி பையிலேயே தளத்தை நடத்த முடியுமா? கரண்ட் போனால் என்ன செய்வது?

வீட்டில் நடத்தாதீர்கள். 4ஜி இணைப்பில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது ஐபி முகவரி கிடைக்காது, வெளியில் இருந்து ஒருவரும் உள்ளே வர முடியாது. கிடைத்தாலும் புயல் நாளில் ஆயிரம் பேர் திறந்தால் ரவுட்டர் மூச்சு விடாது. வீவெக்ஸ், கியூமுலஸ் எம்எக்ஸ் என்ற வானிலை நிலைய மென்பொருள்கள் இரண்டும் பக்கங்களை வீட்டிலேயே தயாரித்து வெளி ஹோஸ்டிங்குக்குத் தள்ளிவிடும். வீவெக்ஸ் வழமையாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு எழுதும், அதுவே போதும், டேட்டாவும் பெரிதாகப் போகாது.

தளத்தை எல்லோரும் தேடுகிற நாளில்தான் கரண்ட் போகும், 2008 நிஷா புயலையும் 2020 புரெவிப் புயலையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரவுட்டருக்கும் ராஸ்பெரி பைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்குங்கள். திடீரென்று கரண்ட் போவதால் எஸ்டி கார்ட்டும் பழுதாகும், தரவுத்தளத்தை வேறு இடத்தில் தினமும் நகல் எடுங்கள். டேவிஸ் கம்பனி நிலையத்துக்குத் தனியே வாங்கிப் பூட்டும் டேட்டா லொக்கர் (பதிவு சேமிக்கும் கருவி) 2,560 பதிவுகளைத் தானே வைத்திருக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் கிட்டத்தட்ட ஒன்பது நாள், கரண்ட் வந்ததும் வீவெக்ஸ் அதை வாங்கி இடைவெளியை நிரப்பிவிடும். நினைவகம் இல்லாத மலிவுப் பெட்டிகளில் அந்த நேரம் போனது போனதுதான். அங்கே வரைபடத்தின் கோட்டை இழுத்து ஒட்டாதீர்கள், வெட்டாகவே விடுங்கள்.

மிக மோசமானது எது தெரியுமா, காலை ஆறுக்கு நின்றுபோன தளம் பின்னேரம் வரை "தற்போது காற்று 12 கிமீ" என்று காட்டிக்கொண்டிருப்பது. கடலுக்குப் போகிறவர் அதைப் பார்த்தால்? கடைசிப் பதிவுக்குப் பதினைந்து நிமிடம் கடந்தால் எண்கள் தானாகவே மறைந்து "தரவு வரவில்லை" என்று சிவப்பில் வரும்படி செய்யுங்கள். அந்தச் சோதனை பார்ப்பவரின் உலாவியில் நடக்க வேண்டும், வீட்டில் நின்றுபோன பெட்டியால் தான் நின்றுபோனதைச் சொல்ல முடியாது.

கேள்வி (உடுவில்): தளத்தில் போடும் ஊர்ப்படத்தில் வீட்டைக் குறிப்பது பாதுகாப்பா?

தேவையில்லை. அகலாங்கு நெட்டாங்கை இரண்டு தசம இடத்தோடு நிறுத்துங்கள், ஒரு கிலோமீற்றர் அளவுக்குத் தெளிவு குறையும். வானத்தைப் பார்க்கும் கமராவில் பக்கத்து வளவுக் கிணற்றடி விழாமலும் பாருங்கள்.

கேள்வி (வல்வெட்டித்துறை): தாழமுக்கம் உருவானால் "புயல் வருமா, எப்போது வரும்?" என்று எல்லோரும் எங்களைக் கேட்கிறார்கள். எச்சரிக்கை போடலாமா?

போடாதீர்கள். உங்கள் கம்பத்துக்குத் தெரிந்தது உங்கள் வளவில் இப்போது என்ன நடக்கிறது என்பது மட்டும். இருநூறு கிலோமீற்றர் தள்ளி நிற்கும் சூறாவளி எங்கே திரும்பும் என்று அதற்குத் தெரியாது. செயலிகளில் வரும் கணினி எதிர்வு மொடல் படத்தை வெட்டி ஒட்டி "நாளை இரவு கரை கடக்கும்" என்று எழுதினால், அது மூன்று வாட்ஸ்அப் குழு தாண்டுவதற்குள் திணைக்களம் சொன்னதாகிவிடும். அளந்ததைப் போடுங்கள்: அமுக்கம் நேற்றை விட எவ்வளவு, பத்து நிமிடச் சராசரிக் காற்று எவ்வளவு, பலத்த வீச்சு எவ்வளவு, காற்றுமானி என்ன உயரத்தில் இருக்கிறது. நியமம் பத்து மீற்றர், உங்களுடையது ஆறு என்றால் ஆறு என்றே எழுதுங்கள். சராசரியையும் வீச்சையும் ஒரே எண்ணாகக் கலக்காதீர்கள். பக்கத்தின் மேற்பகுதியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலுக்கு ஒரு இணைப்பும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும் பெரிய எழுத்தில் இருக்கட்டும், முகநூல் விருப்பப் பொத்தான் அதற்குக் கீழே போகலாம்.