வரலாற்றாசிரியர் நிதியமைச்சரானால்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிட்சர்லாந்தின் மக்கள் வாக்கெடுப்புகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு நிதியமைச்சர் ஒரே வரிக்காக இரண்டு முறை மக்களிடம் போய் இரண்டு முறையும் தோற்றார் என்று ஒரு வரி வருகிறது. பெயர்கூடச் சொல்லாமல் கடந்துவிட்டீர்கள். யார் அவர்? தோற்ற பிறகும் எப்படிப் பதவியில் நீடித்தார்? நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். வரலாற்றுப் படிப்பு அவருக்கு அரசியலில் உண்மையிலேயே கைகொடுத்ததா என்று தெரிந்துகொள்ள ஆசை.

— ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

அவர் பெயர் ஜார்ஜ்-ஆந்த்ரே ஷெவலாஸ். 1915-இல் லோசான் நகரில் பிறந்தவர். பிரெஞ்சு பேசும் வோ மாநிலத்துக்காரர். 1798-க்கு முந்தைய பழைய ஆட்சிமுறையின் கடைசிக் காலத்தில் அந்த மாநிலத்தில் விவசாயம் எப்படி நடந்தது என்பதுதான் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. பள்ளியில் ஆசிரியராக இருந்தார், வரலாற்றுப் பாடநூல் எழுதினார், லோசானின் மாநில, பல்கலைக்கழக நூலகத்துக்கு இயக்குநராக இருந்தார். 1958 முதல் 1973 வரை லோசான் மேயர். சுவிஸ் தேசியக் கண்காட்சி 1964-இல் அங்கே லெமான் ஏரிக்கரையில் நடந்தபோது மேயர் அவர்தான். ஒரே நேரத்தில் 40 பயணிகளை ஏரி நீருக்கு அடியில் கொண்டுபோன, கடலாய்வாளர் ஜாக் பிக்காரின் நீர்மூழ்கிக் கப்பல் ஓடியது அந்தக் கண்காட்சியில்தான்.

அமைச்சரான கதை சுவையானது. சுவிஸ் அரசில் மொத்தமே 7 அமைச்சர்கள். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒன்றாக உட்கார்ந்து அவர்களைத் தேர்ந்தெடுக்கும். 1973 டிசம்பர் 5 அன்று மூன்று இடங்கள் காலி. மூன்று கட்சிகள் ஆளுக்கொரு வேட்பாளரை முறைப்படி அறிவித்திருந்தன. உறுப்பினர்கள் மூன்று பேரையுமே ஒதுக்கிவிட்டு அதே கட்சிகளைச் சேர்ந்த வேறு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஷெவலாஸ் சார்ந்த ராடிக்கல் கட்சி (பெயர்தான் அப்படி, தாராளவாதக் கட்சி) நிறுத்தியிருந்தது ஜெனீவாக்காரர் ஒருவரை. ஜெயித்தது இவர்.

அடுத்த மாதமே கையில் நிதித்துறை. எண்ணெய் நெருக்கடி தொடங்கியிருந்த நேரம். 1975-இல் சுவிஸ் பொருளாதாரம் சுமார் 7 சதவீதம் சுருங்கியது. செலவு ஏறிக்கொண்டே போக, வரவு காலத்துக்குப் பொருந்தாத ஒரு விற்பனை வரியை நம்பி இருந்தது. போர்க்காலத்தில், 1941-இல், கொண்டுவந்த வரி அது. பொருள்களுக்கு உண்டு, சேவைகளுக்குக் கிடையாது. அதற்குப் பதிலாக மதிப்புக் கூட்டு வரி கொண்டுவர ஷெவலாஸ் முயன்றார். அங்கே மத்திய அரசு நினைத்த மாத்திரத்தில் புதிய வரி போட்டுவிட முடியாது. எந்த வரியை, அதிகபட்சம் எத்தனை சதவீதம், எந்த ஆண்டுவரை வசூலிக்கலாம் என்பதெல்லாம் அரசியல் சாசனத்திலேயே இருக்கும். அதை மாற்ற வேண்டுமென்றால் மக்கள் வாக்களிக்க வேண்டும், மாநிலங்களிலும் பெரும்பான்மை வேண்டும். 1977 ஜூனில் 10 சதவீத வரிக்கு வாக்குக் கேட்டார். சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 1979 மே மாதம் 8 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு மறுபடி போனார். இந்தத் தடவை வேண்டாம் என்றவர்கள் 65 சதவீதம். குறைத்துக் கேட்டும் எதிர்ப்பு கூடியது!

சரி, ஏன் பதவி விலகவில்லை? மக்கள் ஒரு மசோதாவை நிராகரித்தால் அமைச்சரையே நிராகரித்துவிட்டதாக அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை. முடிவு அமைச்சரவை முழுவதற்கும் சொந்தம், ஒரு ஆளுக்கு அல்ல. ஆனால் இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. 1953 டிசம்பரில் நிதிச் சீர்திருத்தம் வாக்கெடுப்பில் தோற்றதும் அன்றைய நிதியமைச்சர் மாக்ஸ் வேபர் விலகினார் (சமூகவியலாளர் வேபர் வேறு, இவர் சோஷலிஸ்ட்). அவரோடு அவர் கட்சியும் அரசை விட்டு வெளியேறி 1959 வரை வெளியிலேயே இருந்தது. இந்த முன்னுதாரணம் கண்முன் இருந்தும் ஷெவலாஸ் இரண்டு தடவையும் விலகவில்லை. செலவைக் குறைத்தார், இருக்கிற வரிகளை வைத்தே சமாளித்தார். 1980-இல், அமைச்சர்கள் முறைவைத்து வகிக்கும் குடியரசுத் தலைவர் பதவி ஓராண்டுக்கு, அத்தோடு ராணுவத் துறை. 1983 முடிவில் ஓய்வு.

அவருடைய படிப்பு உதவிய இடம் இதுதான் என்பது என் கணிப்பு. வோ மாநிலம் 1536 முதல் 1798 வரை அண்டை மாநிலமான பெர்னின் ஆட்சியில் இருந்தது. 1802-இல் அந்த ஊர் விவசாயிகள் கோட்டைகளுக்குள் புகுந்து நிலவரிப் பதிவேடுகளைத் தேடி எடுத்துக் கொளுத்தினார்கள். ஆட்களை விட்டுவிட்டார்கள், காகிதத்தைத்தான் எரித்தார்கள். அந்தக் கலகத்துக்கு முந்தைய தலைமுறையின் வயல்களையும் தீர்வைகளையும் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர் ஷெவலாஸ். வரிக்கு மக்கள் இல்லை என்று சொல்வதைத் தனக்கு நேர்ந்த அவமானமாக அவர் எடுத்துக்கொள்ளாததில் எனக்கு வியப்பில்லை. அந்த வரியை மக்கள் கடைசியில் ஏற்றது 1993 நவம்பரில், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு. 1995 ஜனவரியில் 6.5 சதவீதத்தில் அமலுக்கு வந்தது. அவர் நிதித்துறையை விட்டு அதற்குள் 15 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இத்தோடு நிறுத்தினால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில்தான். 1995-இல், 80 வயதில், இரண்டாம் உலகப் போர்க்கால சுவிஸ் நடுநிலைமையைப் பற்றி அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஹிட்லரின் படைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட ஒரு சிறிய நாடு தன்னால் முடிந்ததைச் செய்தது என்பது அதன் நிலைப்பாடு. அதே ஆண்டு மே மாதம், அவர் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் காஸ்பர் வில்லிகர், ஜெர்மன் யூதர்களின் பாஸ்போர்ட்டில் யூதர் என்று அடையாளம் காட்டும் 'ஜே' முத்திரை குத்தப்பட்டதில் சுவிட்சர்லாந்துக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். அடுத்த ஆண்டு, போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்து நடந்துகொண்ட விதத்தை ஆராய நாடாளுமன்றம் ஒரு விசாரணைக் குழு அமைத்தது. அதன் தலைவர் ஜான்-பிரான்சுவா பெர்ஜியேயும் லோசானில் பிறந்த வரலாற்றாசிரியர்தான். எல்லையில் திருப்பி அனுப்பப்பட்ட அகதிகளுக்கு என்ன நேரும் என்று தெரிந்தே 1942-இல் அதிகாரிகள் எல்லையை மூடினார்கள் என்பதை அந்தக் குழு ஆவணங்களோடு நிறுவியது.

இந்த இடத்தில் நான் பெர்ஜியே பக்கம். ஷெவலாஸ் பொய் எழுதியதாகச் சொல்லவில்லை. போர் தொடங்கியபோது அவருக்கு 24 வயது. சீருடை அணிந்து எல்லையில் நின்ற தலைமுறை அவருடையது. பிறகு அவரே அந்த அரசில் அமைச்சராகவும் ராணுவத் துறைத் தலைவராகவும் இருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டு விவசாயியைப் பார்த்த அதே கண்ணால் எல்லைக்கு வெளியே நின்ற அகதியையும் பார்த்திருக்க வேண்டும். அரசின் நெருக்கடி அவருக்குப் புரிந்த அளவுக்கு அந்த அகதியின் நெருக்கடி புரியவில்லை. அரசாண்ட அனுபவம் வரலாற்றாசிரியரை மறைத்துக்கொண்ட இடம் அது. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம்.

பெர்ஜியே குழுவின் இறுதி அறிக்கை 2002 மார்ச்சில் வந்தது. ஷெவலாஸ் அந்த ஆண்டு செப்டம்பரில் காலமானார்.

வகுப்பில் இவரைப் பற்றிப் பேசுவதானால் 1953-ஐயும் 1977-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள். தோற்றதும் விலகிய வேபர் சரியா, நீடித்த ஷெவலாஸ் சரியா என்று மாணவர்களையே கேளுங்கள். நான் ஷெவலாஸ் பக்கம்தான் நிற்பேன். அப்புறம் 1942-க்கு வாருங்கள். அதற்கு ஒரு வகுப்பு போதாது, இரண்டு வகுப்பாவது ஒதுக்கிவிடுங்கள்.

அன்புடன்.