ஆர்கான் நிரப்பியும் எம்டிஏ அளவு குறையவில்லையா?

கோளாறு ஆர்கானில் இல்லை. ஏற்காட்டில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாயில் காற்று படாமலிருக்க ஆர்கான் வாயு நிரப்பி மூடியும், சேலம் ஆய்வகத்தில் எம்டிஏ (கொழுப்பு ஆக்சிஜனேற்றமாகும்போது உண்டாகும் மலோன்டையால்டிஹைடு) கூடுதலாகவே வருகிறது என்கிறீர்கள். அந்த வாயு ரத்தத்துக்கு மேலே நிற்கும் காற்றைத்தான் விரட்டும். ஹீமோகுளோபின் பிடித்து வைத்திருக்கும் ஆக்சிஜன் உள்ளேயேதான் இருக்கும்.

எனக்குச் சந்தேகம் மலைப்பாதை மேல். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்தால் சிவப்பணுக்கள் உடையலாம். வெளியேறும் ஹீம் (ஹீமோகுளோபினில் உள்ள இரும்புப் பகுதி) கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும். எம்டிஏவை நிறத்தால் அளக்கும் டிபிஏ (தயோபார்பிட்யூரிக் அமில) சோதனையில் அதன் சிவப்பு நிறமும் அளவைக் கெடுக்கும்.

1. ஒரே ஆளிடம் இரண்டு இடிடிஏ (ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள்) குழாய்களில் ரத்தம் எடுங்கள். ஒன்றை ஏற்காட்டிலேயே மையவிலக்கியில் சுழற்றி, பிளாஸ்மாவைப் பிரித்து ஐஸில் வையுங்கள். மற்றது வழக்கம்போல் வரட்டும், அதைச் சேலத்தில் சுழற்றுங்கள்.
2. இரண்டு பிளாஸ்மாவையும் வெள்ளைத் தாள் முன் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் மஞ்சள் என்றால் சரி. இளஞ்சிவப்பு என்றால் அந்த மாதிரியை விட்டுவிடுங்கள். தோட்டத் தொழிலாளர்கள் கை நீட்டிக் கொடுத்த ரத்தம், தள்ள மனம் வராதுதான். ஆனாலும் கணக்கில் திருத்தப் பார்க்காதீர்கள்.

லேசாக உடைந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஹீமோகுளோபின் ஒளியை நன்றாக உறிஞ்சும் 414 நானோமீட்டர் அலைநீளத்திலும் பிளாஸ்மாவை ஒருமுறை அளந்துவிடுங்கள். அப்புறம், ஆர்கான் சிலிண்டரைக் கண்ணாடி ஏற்றிய காரில் கொண்டுபோக வேண்டாம். கசிந்தால் வாசனையே வராது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரும்.