உப்பும் எடையும்: சில்வர் பீச்சில் கேட்ட கேள்விகள்

கடலூர் சில்வர் பீச்சில் காலையில் எங்களோடு நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் எடை குறைக்க வந்தவர்கள். நான் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உணவுப் பட்டியல் போட்டுக் கொடுக்கும் வேலையில் இருப்பவள். நடந்து முடித்து மணலில் உட்கார்ந்தால் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். போன வாரம் முழுக்க உப்பைப் பற்றித்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

மஞ்சக்குப்பம் அக்கா: ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாண்டிச்சேரி போனோம். மதியம் பிரியாணி, ராத்திரி பரோட்டா சால்னா. திங்கள் காலையில் எடை 1.6 கிலோ கூடியிருக்கிறது. மூன்று வாரம் நடந்தது எல்லாம் போச்சா?

போகவில்லை அக்கா. உடம்பில் 1 கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், செலவானது போக சுமார் 7,700 கலோரி மிச்சம் விழ வேண்டும். 1.6 கிலோவுக்கு 12,000-க்கும் மேல். ஒரு பிரியாணியும் நாலு பரோட்டாவும் அந்தக் கணக்கின் பக்கத்திலேயே வராது. ஏறியது தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சலைன் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள். அதில் 1 லிட்டருக்கு 9 கிராம் உப்பு. நம் ரத்தத்தின் உப்புத்தன்மைக்கு ஏறக்குறைய ஒத்துப்போகிற அளவு அது. உடம்பு இந்த விகிதத்தை லேசில் மாற விடாது. உப்பு கூடினால் தாகம் எடுக்கும், சிறுநீரகமும் தண்ணீரை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ‘உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டும்’ என்று தப்பு செய்தவனைப் பார்த்துச் சொல்கிறோம். உடம்பைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து நிஜம். அதோடு, சோறும் பரோட்டாவும் கிளைக்கோஜன் என்ற சேமிப்பாக ஈரலிலும் தசையிலும் தங்கும். 1 கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்து தங்கும்.

வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்புங்கள், பட்டினி கிடக்க வேண்டாம், வியாழக்கிழமை பாருங்கள் என்றேன். வியாழக்கிழமை வந்து, 1.4 கிலோ இறங்கிவிட்டது என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: உப்பையே விட்டுவிட்டேன். ஐந்து நாளில் 2 கிலோ குறைந்தது. இப்படியே தொடரலாமா?

தொடர வேண்டாம் தம்பி. உப்பில் கலோரியே கிடையாது. அதை விட்டால் கொழுப்பு கரைவதற்கு வழி ஏது? முதல் வாரம் தண்ணீர் வடியும், எடை இறங்கும். உடம்பு புதிய அளவுக்குப் பழகியதும் அதோடு நின்றுவிடும். நான் கவலைப்படுவது அந்த இடத்தைப் பற்றித்தான். ‘இவ்வளவு கஷ்டப்பட்டும் நின்றுபோச்சே’ என்று நடையையும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நரம்புக்கும் தசைக்கும் உப்பில் இருக்கும் சோடியம் வேண்டும். நன்றாக வியர்க்கிற உங்கள் வயதில் அறவே விட்டால் தலைசுற்றும், அசதியாக இருக்கும்.

உப்பைக் குறைக்க வேண்டியது ரத்த அழுத்தத்துக்காக, இதயத்துக்காக, சிறுநீரகத்துக்காக. எடைக்கு அது சுற்றுவழியில்தான் உதவும். தட்டில் ஊறுகாய் இருந்தால் தயிர்சாதம் இன்னும் ஒரு கரண்டி இறங்கும், இல்லையா? அந்த ஒரு கரண்டி மிச்சமாகும்.

புதுப்பாளையம் அக்கா: எங்கள் வீட்டில் உப்பு அதிகமா, குறைவா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற நாளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். தீர்ந்த நாளையும் குறியுங்கள். வீட்டில் 4 பேர், 1 கிலோ பாக்கெட் 25 நாள் வருகிறது என்றால், ஒரு நாளைக்கு 40 கிராம், ஆளுக்கு 10 கிராம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது 5 கிராமுக்குக் கீழே. தூள் உப்பு என்றால் மட்டமாக ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். கருவாடு, கடை ஊறுகாய், மிக்சர், உப்பு போட்ட முந்திரி எல்லாம் அந்தப் பாக்கெட்டுக்கு வெளியே வருபவை. அதனால் உண்மையான அளவு இன்னும் கூடும்.

எங்கள் வீட்டில் முதல் தடவை குறித்தபோது 11 கிராம் வந்தது, இப்போது 7. ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டார்கள். முதலில் சோறு வடிக்கும்போது உப்பு போடுவதை நிறுத்தினேன். அப்புறம் சாம்பாரில் கொஞ்சம், பொரியலில் கொஞ்சம். சில வாரத்தில் நாக்கு பழகிவிட்டது.

கடையில் வாங்கும் பாக்கெட்டுகளில் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 2.5-ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். 400 மில்லிகிராம் சோடியம் என்றால் 1 கிராம் உப்பு.

இன்னொருவர்: இந்துப்பு போட்டால் நீர் கோக்காதாமே?

கோக்கும். மரக்காணம் உப்பளத்து உப்பானாலும் மலையில் வெட்டிய இந்துப்பானாலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். இந்துப்பில் அயோடின் சேர்ப்பதும் வழக்கமில்லை என்பதால் வீட்டு உப்பை முழுக்க அதற்கு மாற்றாதீர்கள்.

தேவனாம்பட்டினம் தங்கை: மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் எடை ஏறுகிறது, மோதிரம் இறுகுகிறது. தண்ணீரைக் குறைக்கலாமா?

வேண்டாம்மா. அந்த நாட்களில் ஹார்மோன் மாறுவதால் நீர் கோக்கும். விலக்கு வந்து சில நாளில் தானாக வடியும். தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள், அந்த வாரம் அப்பளம் ஊறுகாயைத் தள்ளிவையுங்கள். எடையை இந்த மாதம் 10-ஆம் நாளோடு போன மாதம் 10-ஆம் நாளை வைத்துப் பாருங்கள், விலக்கிலிருந்து எண்ணி. புதிதாக உடற்பயிற்சி தொடங்கித் தசை வலிக்கிற வாரத்திலும் இதே போல் கொஞ்சம் நீர் நிற்கும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

முதுநகர் அண்ணன்: கருவாடு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அதையும் விடச் சொல்வீர்களா?

விடச் சொல்ல மாட்டேன் அண்ணே. கருவாட்டில் நல்ல புரதம் இருக்கிறது. அதைக் கெடாமல் காப்பது உப்பு என்பதால் உப்பும் ஏராளம். சமைப்பதற்கு முன் வெந்நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட்டு இரண்டு மூன்று முறை அலசச் சொல்லுங்கள். ஊறிய நீரை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், எவ்வளவு உப்பு வெளியே போனது என்று புரியும். குழம்பில் கருவாடு வெந்த பிறகு ருசி பார்த்து, தேவைப்பட்டால் மட்டும் உப்பு. கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு அப்பளமும் மோர் மிளகாயும் கூடாது. அப்பளத்தில் உப்பு போக அப்பளக் காரமும் இருக்கிறது, அதுவும் சோடியம்தான். பக்கத்தில் ஒரு கீரையோ வாழைத்தண்டோ வையுங்கள். அவற்றில் இருக்கும் பொட்டாசியம் சோடியத்தைச் சிறுநீரில் வெளியேற்ற உதவும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்குத்தான் இது.

ஜிம்முக்குப் போகும் ஒரு தம்பி: நீர் வெளியேற ஒரு மாத்திரை இருக்கிறதாம். போட்டால் உடனே எடை குறையும் என்கிறார்கள்.

போடாதே தம்பி. ஒரு துளிக் கொழுப்பும் போகாது. தண்ணீரோடு பொட்டாசியமும் போய் இதயத் துடிப்பே தடுமாறலாம். டாக்டர் எழுதிக் கொடுக்காமல் அதைக் கையில் தொடாதே.

நெல்லிக்குப்பம் ஐயாவின் மகள்: அப்பாவுக்கு 67 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சாயங்காலம் கால் வீங்குகிறது. சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் கொடுத்ததை வாங்கிப் போடுகிறோம். சரிதானா?

முதலில் அந்த உப்பை நிறுத்துங்கள். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், பொட்டாசியத்தை ஏற்றும் சில பிரஷர் மாத்திரைகள் சாப்பிடுகிறவர்களுக்கும் அது ஆபத்து. அப்பா எந்த வகை என்று டாக்டர் சொல்லட்டும்.

அப்புறம், கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் பத்து விநாடி அழுத்தி எடுங்கள். குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது நீர். உப்பு மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் மாத்திரையாலும் கால் வீங்கும். இதயம், சிறுநீரகம், ஈரல் எதில் கோளாறு என்றாலும் வீங்கும். படுத்தால் மூச்சு வாங்குவது, இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறுவது, சிறுநீர் நுரைத்துப் போவது, இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

என் அம்மாவுக்கு இப்படித்தான் தொடங்கியது. ராத்திரி கொலுசைக் கழற்றினால் காலைச் சுற்றி விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம் கிடக்கும். காட்டிய இடத்தில் ‘வயசானால் அப்படித்தான்’ என்று அனுப்பிவிட்டார்கள், நாங்களும் நம்பினோம். சிறுநீரகம் என்று தெரிவதற்குள் எட்டு மாதம் ஓடிவிட்டது. அதனால்தான் வற்புறுத்திச் சொல்கிறேன். அப்பாவை நாளைக்கே கூட்டிப் போங்கள். சாப்பிடுகிற மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும், அந்த உப்புப் பாக்கெட்டையும் பையில் போட்டுக் கொண்டு போய் டாக்டர் மேசையில் வையுங்கள்.