விடுதியில் அழும் மகன்: கூட்டி வந்துவிடலாமா?

அக்கா, ஆறாம் வகுப்பு மகன் ஞாயிறுதோறும் விடுதியிலிருந்து போனில் அழுகிறான், கூட்டி வந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1986இல் நானும் தாம்பரத்தில் விடுதிப் பையன்தான். ராத்திரி, கடற்கரைக்குப் போகும் மீட்டர்கேஜ் மின்சார ரயிலின் சத்தம் கேட்டால் போதும், தலையணை நனைந்துவிடும். முறுக்கு டப்பா காலியான பிறகும் திறந்து திறந்து மோந்து பார்ப்பேன் (சிரிக்காதீர்கள்). அந்த அழுகை பொங்கலுக்குள் அடங்கிவிட்டது.

அடங்காதது வேறு. சீனியர்களின் துணியை நான்தான் துவைத்தேன். அதை வீட்டில் சொன்னதே இல்லை. அதனால் "ஏன் அழுகிறாய்" என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கட்டில் யாருடையது, சாப்பாட்டு வரிசையில் யாரோடு நிற்கிறான் என்று கேளுங்கள். பெயர்கள் சரளமாக வந்தால் கொஞ்சம் பொறுங்கள். மழுப்பினால், வார்டனிடம் முன்கூட்டிச் சொல்லாமல் இந்தச் சனிக்கிழமையே நேரில் போய்விடுங்கள்.