சான் ஹோசேயா, மினியாபோலிஸா? ஈரோட்டு அம்மாவுக்கு ஒரு பதில்

மகளுக்கு இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது என்று ஈரோட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். ஒன்று கலிபோர்னியாவில், சான் ஹோசே பக்கம், கணினி அறிவியலில் எம்.எஸ். இன்னொன்று மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மினியாபோலிஸ் வளாகத்தில் பயோமெடிக்கல் இன்ஜினியரிங், அதாவது மருத்துவக் கருவிகளை உருவாக்கும் பொறியியல். மகள் இங்கே படித்ததும் பயோமெடிக்கல்தான். மின்னசோட்டாவுக்குத்தான் போக ஆசைப்படுகிறாள். சான் ஹோசேயில் இருக்கும் அம்மாவின் தம்பியோ, "அந்தப் பனிக்குள்ள யாராவது புள்ளைய அனுப்புவாங்களா அக்கா? இங்க வரட்டும், நான் பார்த்துக்கறேன்" என்கிறார். வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகத் தயாராக இருக்கிறதாம்.

அம்மா, இரண்டுமே நல்ல இடங்கள், நீங்கள் கலங்க வேண்டியதில்லை. ஆனால் ஆறுதலோடு நிறுத்திக்கொண்டால் உங்களுக்கு உதவியதாக ஆகாது. தம்பியின் அக்கறை உண்மையானது. அவர் சொல்லும் வழி உங்கள் மகளுக்குப் பொருந்தாது.

கலிபோர்னியாவின் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெயிலும் குளிரும் அளவோடு இருக்கும். சன்னிவேல், ஃபிரீமாண்ட் பக்கம் போனால் தோசை மாவு முதல் வெற்றிலை வரை கிடைக்கும். லிவர்மோரில் சிவ விஷ்ணு கோயில் இருக்கிறது. ஆனால் சான் ஹோசேயில் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு மாதம் 2,500 டாலருக்கு மேல் கேட்கிறார்கள். மினியாபோலிஸில் ஏறக்குறைய பாதிதான். தம்பி வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம் என்று நினைப்பீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது. இரண்டு வருடம் ஒரே கூரையின் கீழ் என்பது உறவுக்கும் சோதனை, படிப்புக்கும் சோதனை. ஆறு மாதத்தில் அவள் தனி அறை தேட வேண்டி வந்தால் அந்த வாடகையைக் கட்டப்போவது நீங்கள்தான். நாட்டின் சராசரி விலைவாசியை 100 என்று வைத்து அமெரிக்க அரசே மாநிலவாரியாகக் கணக்கு வெளியிடுகிறது. அதில் கலிபோர்னியா 110-ஐத் தாண்டி நிற்கிறது, மின்னசோட்டா 100-க்குச் சற்றுக் கீழே.  

இப்போது அந்தப் பனி ஊரைப் பற்றி. உங்கள் உறவினர்கள் யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1957-இல் மினியாபோலிஸ் பகுதியில் பெரிய மின்தடை ஏற்பட்டது. அப்போது இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் கருவி சுவர் மின்சாரத்தில்தான் ஓடியது. மின்னசோட்டா பல்கலைக்கழக அறுவை மருத்துவர் வால்ட் லில்லெஹை, மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த எர்ல் பாக்கனிடம் மாற்று வழி கேட்டார். சில வாரங்களில் பாக்கன், பேட்டரியில் ஓடும், உடலோடு அணிந்துகொள்ளக்கூடிய சிறு கருவியைச் செய்து கொடுத்தார். அவர் 1949-இல் ஒரு கார் கொட்டகையில் தொடங்கிய நிறுவனம்தான் மெட்ரானிக். இன்று மெட்ரானிக்கின் செயல் தலைமையகம் அங்கேதான். இதே தொழிலில் உள்ள பாஸ்டன் சயின்டிஃபிக் நிறுவனத்துக்கும் அபாட் நிறுவனத்தின் இதயக் கருவிப் பிரிவுக்கும் அதே நகரைச் சுற்றிப் பெரிய தொழிற்கூடங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு உதிரி பாகம் செய்பவர்கள், கருவியைச் சோதிப்பவர்கள், அரசு அனுமதிக்கான ஆவணம் தயாரிப்பவர்கள் என்று சிறு நிறுவனங்கள் நிறைய. தெற்கே சுமார் 130 கி.மீ. போனால் ராச்செஸ்டரில் மேயோ கிளினிக் என்ற புகழ்பெற்ற மருத்துவமனை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பாக்கன் பெயரில் மருத்துவக் கருவி மையம் இருக்கிறது. உங்கள் மகள் கடைசி வருட புராஜெக்டாக ஈசிஜி கருவி செய்தாள் என்று நீங்களே பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அவள் ஆசைப்படும் தொழில் வளர்ந்த ஊருக்கே போக இடம் கிடைத்திருக்கிறது அம்மா!

கலிபோர்னியாவிலும் மருத்துவக் கருவி நிறுவனங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தம்பி சொல்வது அந்தப் படிப்பை அல்ல. கணினி அறிவியலுக்கு மாறினால், அதை நான்கு வருடம் படித்துவிட்டு வரும் கூட்டத்தோடு அவள் ஆரம்பத்திலிருந்து போட்டியிட வேண்டும். அதுவும் அவளுக்கே விருப்பமில்லாத பாடத்தில். இதற்கு நான் சம்மதம் சொல்ல மாட்டேன்.

சரி, குளிர். ஜனவரி இரவுகளில் சராசரியே உறைநிலைக்கு 13 டிகிரி கீழே இருக்கும். சில நாட்களில் இன்னும் மோசம். நவம்பர் முதல் மார்ச் முடியும்வரை குளிர்தான். அதற்கேற்றபடி அந்த ஊரையும் கட்டியிருக்கிறார்கள். வளாகத்தில் பல கட்டடங்களைச் சுரங்க நடைபாதைகளும் மூடிய மேல்பாலங்களும் இணைக்கின்றன. நகர மையத்திலும் கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு வெளியே வராமல் நடக்கலாம். வளாகத்தின் நடுவிலேயே இலகு ரயில் நிற்கும், கார் வாங்கத் தேவையில்லை. மின்னசோட்டாவில் துணிக்கு விற்பனை வரி கிடையாது. ஆகவே கனமான கோட்டும் பூட்ஸும் இங்கிருந்து தூக்கிப் போக வேண்டாம், அங்கேயே வாங்கட்டும். டிசம்பரில் மாலை ஐந்துக்கு முன்பே இருட்டிவிடும், முதல் வருடம் மனம் சோரும். அப்போது மின்னசோட்டா தமிழ்ச் சங்கமும் மேப்பிள் குரோவில் இருக்கும் பெரிய கோயிலும் கைகொடுக்கும். தினமும் ஒரு தடவை வீடியோவில் பேசுங்கள்.

அப்புறம் விசா. எந்த மாநிலமானாலும் இந்த விதிகளில் மாற்றமில்லை. படிப்பு முடிந்ததும், படித்த துறையில் வேலை பார்க்க ஓபிடி என்ற அனுமதி 12 மாதம். அறிவியல், பொறியியல் பட்டத்துக்கு மேலும் 24 மாதம் கேட்கலாம். முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக்கூடாது. அதற்குப் பிறகு வேண்டிய எச்-1பி என்ற வேலை விசா வருடத்துக்கு 85,000 தான், அதற்குக் குலுக்கலில் தேர்வு. ஆனால் பல்கலைக்கழகங்களும் அவற்றோடு இணைந்த, லாப நோக்கற்ற மருத்துவமனைகளும் அந்த எண்ணிக்கைக்குள் வராது. மருத்துவக் கருவி படித்தவளுக்கு இந்தக் கதவும் கூடுதலாக இருக்கிறது. வேலை நிச்சயம் என்று மட்டும் யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. நானும் கொடுக்கவில்லை.

அதனால்தான் கடன் விஷயத்தில் கறாராக இருக்கிறேன். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். அமெரிக்க வேலை கிடைக்காமல் அவள் ஊர் திரும்பினால், இங்கே வாங்கும் சம்பளத்தில் மாதத் தவணை கட்ட முடியுமா? அதுதான் உங்கள் கடனின் எல்லை. முடியாதென்றால் மின்னசோட்டாவையும் இந்த வருடம் விட்டுவிடச் சொல்வேன். ஒரு வருடம் இங்கே ஏதாவது மருத்துவக் கருவி நிறுவனத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்க்கட்டும், சேர்க்கையைத் தள்ளிவைக்க முடியுமா என்று இப்போதே துறைக்கு எழுதிக் கேட்கட்டும். படித்துக்கொண்டே பேராசிரியருக்கு உதவும் டீச்சிங் அசிஸ்டன்ட் பணி கிடைத்தால் கட்டணம் பெரிதும் குறையும். ஆனால் எம்.எஸ். மாணவர்களுக்கு அது உறுதியில்லை, வரவுக் கணக்கில் எழுதாதீர்கள். வளாக வேலையும் அப்படியே. பாடம் நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம்தான் அனுமதி.

பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 தாளில் ஒரு வருடச் செலவு மொத்தமும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அதுவரை வங்கியில் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.