வீட்டில் செய்த மின்மோட்டார் சரக்கு மூன்று சக்கர வண்டி மேம்பாலம் ஏறும்போது சூடாகிறது. பெரிய மோட்டார் போடலாமா?

வேண்டாம், முதலில் சக்கரத்தை மாற்றிப் பாருங்கள். சுமையோடு மெல்ல ஏறும்போது சக்கரத்துக்குள் இருக்கும் மோட்டார் தனக்குரிய வேகத்துக்கு வெகு கீழே சுழல்கிறது; அப்போது பேட்டரி தரும் ஆற்றலில் கணிசமான பங்கு வெப்பமாகவே போய்விடுகிறது. அதே மோட்டாரை 26 அங்குல வளையத்திலிருந்து 20 அங்குலத்துக்கு மாற்றிக் கோத்தால் இழுவிசை ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். உச்ச வேகம் குறையும். சரக்கு வண்டிக்கு அது இழப்பே அல்ல.

பராமரிப்பில் நான் மிகவும் அஞ்சுவது ஸ்போக்ஸ் கம்பிகளைத்தான். சைக்கிள் வளைவில் சாயும்; உங்கள் வண்டி சாயாது. பக்கவாட்டு விசை முழுவதும் கம்பிகள்மீது விழுகிறது. மாதம் ஒருமுறை ஒவ்வொன்றையும் விரலால் சுண்டுங்கள். மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. உடனே இறுக்குங்கள்.

மோட்டார் அச்சு முறுக்கத்தில் தானே திரும்பி ஒயரை அறுத்துவிடும். அதைத் தடுக்கும் இரும்புப் பட்டை இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள்.

ஏற்றம் முடிந்ததும் வண்டியை அணைத்துவிட்டு ஒயர் இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே தொடுகை சரியில்லை. பின்னால் சுமை ஏற்றுபவராக இருந்தால், பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரேக் வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் வைத்தால் வண்டி அந்தப் பக்கமே இழுக்கும்.