மடங்கிய கைக்கு ஊசி: எதை எதிர்பார்க்கலாம்?

என் கணவருக்கு 61 வயது. பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. இடது கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கிடக்கிறது. விரல்கள் மூடியே இருப்பதால் நகம் வெட்ட முடியவில்லை, உள்ளங்கை ஈரமாகி நாற்றம் வருகிறது. டாக்டர் போடாக்ஸ் போடலாம் என்கிறார். அது முகச் சுருக்கத்துக்குப் போடுவதுதானே? போட்டால் கை பழையபடி வேலை செய்யுமா?
– வாசகி, விருதுநகர்

மருந்து அதேதான், அளவும் இடமும் வேறு. நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் (தசையைச் சுருங்கச் சொல்லும் வேதிப்பொருள்) வெளிவருவதை அது தடுப்பதால் தசை தளரும். ஆனால் கையின் பலம் அதிகரிக்காது. இதைச் சொல்லாமல் ஊசி போட்டால் பிறகு ஏமாற்றம்தான். நகம் வெட்டலாம், உள்ளங்கையைக் கழுவலாம், சட்டைக்கை மாட்டுவது எளிதாகும், வலி குறையலாம். பிரிட்டனில் 333 பேரிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்விலும் இறுக்கம் குறைந்தது, இந்த மாதிரி வேலைகள் சுலபமாயின; கையைத் தானாகப் பயன்படுத்தும் திறன் பெரிதாக முன்னேறவில்லை.

முதலில் ஒன்றைப் பார்க்க வேண்டும். முழங்கையை வேகமாக நீட்டினால் பிடித்துக்கொண்டு, மெதுவாக நீட்டும்போது இணங்கினால் அது நரம்பால் வரும் இறுக்கம், ஊசி உதவும். எவ்வளவு மெதுவாக நீட்டினாலும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் தசையும் மூட்டும் சுருங்கிவிட்டன என்று பொருள். அங்கே ஊசி பணத்துக்குத்தான் கேடு. இந்தச் சோதனையை மருத்துவரோ பிசியோதெரபிஸ்டோ செய்யட்டும். நீங்கள் வலுவாக இழுக்காதீர்கள்.

போடாக்ஸில் முழங்கையை மடக்கும் பைசெப்ஸ் தசைக்கு 60 முதல் 200 யூனிட், அதை 2 முதல் 4 இடங்களில் பிரித்துப் போடுவார்கள். விரல்களை மடக்கும் இரண்டு தசைகளுக்கும் தலா 30 முதல் 50. மூன்று மாதத்துக்குள் மொத்தம் 400 யூனிட்டைத் தாண்டக்கூடாது. டிஸ்போர்ட் (இதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டு) என்றால் கைக்கு 500 முதல் 1000 யூனிட். அந்த யூனிட் வேறு, இரண்டையும் ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம்.

முன்கைத் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதால் கைத்தடவலில் மட்டும் இடம் கண்டு குத்தினால் பக்கத்துத் தசைக்கு மருந்து போய்விடும். அல்ட்ராசவுண்டோ மின்தூண்டலோ வைத்துப் போடுவார்களா என்று கேளுங்கள். மூடிய விரல்களால்தான் அவர் பையைப் பிடிக்கிறார் என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள், பிடி தளர்ந்துவிடக்கூடும்.

ஊசி போட்டு நாலு நாள் ஆகியும் அப்பா கையில் மாற்றமே இல்லை. மருந்து வீணா?
– வாசகர், திண்டுக்கல்

பொறுங்கள். பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் தெரியத் தொடங்கும், 4 முதல் 6 வாரத்தில் உச்சம், ஏறக்குறைய மூன்று மாதத்தில் இறங்கும். மறு ஊசிக்குக் குறைந்தது 12 வாரம் இடைவெளி வேண்டும். சீக்கிரம் சீக்கிரம் போட்டால் உடல் எதிர்ப்பொருள் உண்டாக்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யலாம். தளர்ந்திருக்கும் இந்த வாரங்களில் நீட்டல் பயிற்சியும் இரவில் ஸ்பிளின்டும் (கையை நீட்டிப் பிடித்துவைக்கும் அணை) இல்லாவிட்டால் பலன் பாதிதான். ஸ்பிளின்டைக் கழற்றியபின் தோலில் சிவப்புத் தடம் மறையாமல் நின்றால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று: இறுக்கம் திடீரென்று கூடினால் டோஸ் போதவில்லை என்று முடிவுகட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், உள்நோக்கி வளர்ந்த நகம் என ஏதாவது தூண்டுகிறதா என்று பாருங்கள்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, நாகர்கோவில்

போடலாம். அண்மையில் எடுத்த ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) அளவைக் காட்டுங்கள். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம். மெல்லிய ஊசியால் குத்தி, பிறகு சற்று அழுத்திப் பிடிப்பார்கள். ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் போய்க்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், பலவீனம் அதிகமாகும். ஊசிக்குப் பிறகு, சில வாரம் கழித்தும்கூட, விழுங்கச் சிரமம், குரல் தடிப்பு, மூச்சுத்திணறல் வந்தால் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.